உள்ளங்கைச் சம்பளம்

சம்பளம் பத்தாது என்று விசா ஆலோசகர் சொன்னதும் பட்டாசுக்குச் சுர்ரென்று ஏறியது. சலவைக்கூடத்தில் அவளுக்கு அந்தப் பெயரைச் சும்மா வைக்கவில்லை. ஆனால் வந்திருப்பது ஊரிலிருக்கும் புருஷனை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டுக்கொள்ளும் காரியத்துக்கு. இங்கே வெடித்தால் நஷ்டம் தனக்குத்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"மேடம், நான் வாங்குறது இதுக்கு ரெண்டு மடங்கு."

"அது எங்க இருக்கு?"

"பாதி பேங்க்ல வரும். மீதியைக் கையில கொடுப்பாங்க."

ஆலோசகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கையில வாங்குனது கைக்குத்தாம்மா தெரியும், விசா ஆபீசுக்குத் தெரியாது. வர்றவருக்கு உங்களால சோறு போட முடியும்னு பேப்பர்ல காட்டணும். ஆறு மாசம் முழுச் சம்பளமும் பே ஸ்லிப்ல வரட்டும். இல்லேன்னா, வசதியான சொந்தக்காரர் யாராவது உங்ககூடச் சேர்ந்து ஸ்பான்சர் கையெழுத்துப் போடணும்."

ஓட்டல்களிலிருந்து வண்டி வண்டியாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உருளை இயந்திரத்தில் தேய்த்து, மடித்து அனுப்புகிற சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. முதலாளி அவளுடைய அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஊருக்கே அவர் மாமாதான். அங்கே வேலை பார்க்கும் அத்தனை பேருக்கும் பாதிச் சம்பளம் கவரில் வரும். அதற்கு 'உள்ளங்கை' என்று செல்லப் பெயர். வேலைக்குச் சேர்ந்த அன்று மாமா விளக்கினார்: "முழுசும் பேங்க்ல போட்டா வரின்னு பிடுங்கிடுவான். கையில வாங்கிக்க கண்ணு, அத்தனையும் மிச்சம்." அவளும் தான் பெரிய சாமர்த்தியசாலி என்று அம்மாவிடம் போனில் பீற்றிக்கொண்டாள். அம்மா அந்தத் தொகையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து மாப்பிள்ளை வீட்டில் அளந்தாள். கல்யாணமும் ஜாம்ஜாமென்று நடந்தது. இப்போது காகிதத்தில் பார்த்தால் அவள் அரை ஆள்.

மறுநாள் மாமாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நான் போடுறேன் கையெழுத்து. மாப்பிள்ளை வரட்டும். ரெண்டாவது வேனுக்கு ஆள் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"சம்பளம் என்ன மாமா குடுப்பீங்க?"

"சொந்தத்துக்குள்ள என்ன சம்பளம் கிம்பளம்? தங்க இடம், சாப்பாடு, கைச்செலவு. ரெண்டு மூணு வருஷம் ஓடட்டும், அப்புறம் பார்ப்போம்."

முதல் வேனை ஓட்டுபவர் மடிப்பு மேசையில் வேலை பார்க்கும் ஓர் அக்காவின் புருஷன். அவரும் மாமாவின் கையெழுத்தில் வந்தவர்தான். இடுப்பு வலிக்கிறது, ஒரு நாள் லீவு வேண்டும் என்று வாயைத் திறந்தால் போதும், "யார் கையெழுத்துல வந்தேன்னு ஞாபகம் இருக்கட்டும்" என்பார் மாமா. மனுஷன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

"வேணாம் தங்கச்சி," என்று அக்கா தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "எம்புருஷன் இங்க வந்துட்டார்னு பேருதான். வீட்டுக்கு வர்றப்ப இந்த அழுக்குத் துணி மாதிரி கசங்கித்தான் வர்றார். வந்ததும் தூங்கிடுறார். பேசியே ரொம்ப நாளாச்சு."

புருஷனோ போனில் வேறு பாட்டுப் பாடினான். "ஒரு கையெழுத்துதானே, வாங்கிடேன். வண்டி ஓட்டுறது எனக்கென்ன கஷ்டமா? உன்னைப் பார்க்கணும்டி."

அவளுக்கு மட்டும் ஆசை இல்லையா? கல்யாணமாகி அவனோடு இருந்தது ஒரே ஒரு மாதம். அதற்குப் பிறகு எல்லாம் போன்தான். அவன் குறட்டைச் சத்தம்கூட மறந்துகொண்டு வந்தது. மாமா கையெழுத்தை வாங்கித் தொலைத்துவிடலாம் என்று அந்த வாரம் முழுக்க மனசு கிடந்து தவித்தது.

சம்பள நாள் வந்தது. கவரை மாமா சும்மா நீட்டமாட்டார். இரண்டு கையிலும் பிடித்து, கண்ணை மூடி, "நல்லா இரு" என்று வாழ்த்தித்தான் கொடுப்பார். ஏதோ தன் சொத்திலிருந்து தானம் செய்கிற மாதிரி. அன்று கவரின் மேல் ஸ்பான்சர் படிவத்தையும் வைத்திருந்தார்.

"எல்லாரும் பார்த்துக்குங்க. நம்ம வீட்டுப் பிள்ளைக்கு நான் ஜாமீன் நிக்கிறேன்."

வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் திரியில் நெருப்பை வைத்தது.

"மாமா, படிவம் வேணாம். என் சம்பளம் மொத்தத்தையும் பே ஸ்லிப்ல போடுங்க. வரி போனா போகட்டும்."

"என்னடி இது, திடீர்னு?"

"என் சம்பளத்துல பாதியை மறைச்சது நீங்க. இப்ப அந்தப் பாதிக்கு ஜாமீன் நிக்கிறதும் நீங்களா? நான் உழைச்சதை உழைச்சதா எழுதிக் கொடுங்க, போதும். என் புருஷனுக்கு ஜாமீன் நானே நின்னுக்குவேன்."

மாமாவின் முகம் கறுத்துவிட்டது.

"உனக்கு எழுதினா எல்லாருக்கும் எழுதணும்."

"எழுதுங்களேன். யார் வேணாம்னா?"

"நன்றி கெட்டவளே! உன்னை இங்க கொண்டாந்து விட்டது யாரு?"

"நீங்கதான். அதுக்காக என் புருஷனையும் சேர்த்து எழுதித் தர முடியாது."

"அப்ப வெளிய போ. எவன் உனக்கு வேலை தர்றான்னு நானும் பார்க்கிறேன்."

ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்தாள். கதவு வரைக்கும் போனவள் திரும்பி வந்து மாமா கையிலிருந்த கவரை மட்டும் எடுத்துக்கொண்டாள். ரோஷம் வேறு, உழைத்த காசு வேறு. மடிப்பு அக்கா வரிசையில் தன் முறை வந்ததும், தலையைக் குனிந்தபடி கவரை வாங்கிக்கொண்டாள். பட்டாசுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை.

எவன் வேலை தருவான் என்று மாமா கேட்டாரே, ஒரு ஆஸ்பத்திரி தந்தது. அங்கேயும் அதே விரிப்புகள், அதே உருளை இயந்திரம், கூடுதலாக ரத்தக்கறை. கையில் மிஞ்சுவது முன்னைவிடக் குறைவுதான். ஆனால் வாங்குகிற அத்தனையும் பே ஸ்லிப்பில் வரும், விசாவுக்கும் அது போதும். என்ன, ஆறு மாசக் கணக்கை இனிமேல்தான் தொடங்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று புருஷனுக்குப் போன் போட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"இன்னும் ஆறு மாசமா?" அவன் குரல் கம்மியது. "பேசாம மாமா கையெழுத்தை வாங்கியிருந்தா நான் சீக்கிரமே வந்திருப்பேன்ல?"

"வந்திருப்பீங்க. எங்கிட்ட இல்ல. அவரோட வேனுக்கு."

லைன் அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இல்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"ஏங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றான். "உங்கிட்டயே வர்றேன். ஆறு மாசம்தானே."

இத்தனை நாளும் வராத அழுகை அப்போதுதான் வந்தது. துடைத்துக்கொள்ளாமல் அழுதாள்.