யாரை யார் கூட்டிப் போவது?

போருக்குத் தப்பி வந்தவர்களுக்கு வீட்டில் இடம் தர ஆள் தேவை என்று தொண்டு நிறுவனக் கூட்டத்தில் சொன்னதும், அறை முழுக்கக் காது கிழியக் கத்திக் கை தூக்கியவன் நான். டிக்கெட் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? எனக்கு ஒதுக்கியது கணவன், மனைவி, கைக்குழந்தை. சாயங்காலம் பேருந்து நிலையத்துக்கு வருவார்கள். வண்டி கிளம்புவதற்குள் யாரும் அழைத்துப் போகாவிட்டால் திரும்பவும் முகாம் கூடாரம்தான். கேள்வி எதுவும் கேட்காமல் சிரித்த முகமாக நிற்கும்படி தொண்டு நிறுவனத்துப் பெண் சொல்லியிருந்தாள்.

சிரித்துக்கொண்டே போனோம், நானும் என் வீட்டுக்காரியும். அங்கே ஒரு தம்பதி எங்களைவிட அகலமாகச் சிரித்தபடி நின்றார்கள். கையில் பெரிய மூட்டை. குழந்தையைக் காணோம்.

"மூட்டைக்குள்ள தூங்குதோ என்னவோ" என்று வீட்டுக்காரி கிசுகிசுத்தாள்.

மூட்டையை அலுங்காமல் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். அந்த அம்மாள் என் மனைவியின் கையில் ஒரு பன்னைத் திணித்தாள். எல்லாம் இழந்து வந்தும் இப்படி ஒரு மனசா என்று இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அவள் கணவரை என் காருக்கு இழுத்தேன். அவர் என்னைத் தன் வேனுக்கு இழுத்தார். இழுத்த இழுப்பில் ஊரே ஒரு சாண் நகர்ந்திருக்கும்.

"என்னங்க, அவரு எதுக்கு உங்களை இழுக்கிறாரு?" என்றாள் என் வீட்டுக்காரி.

அந்த அம்மாள் திடுக்கிட்டாள். "நம்ம பாஷை பேசுவீங்களா?"

"பொறந்ததுலேருந்து அதைத்தாங்க பேசுறேன். நீங்க?"

"நாங்க பாலத்துக்கு அந்தப் பக்கம் பேக்கரி, மூட்டை முழுக்க பன்னுதான். அகதிகளைக் கூட்டிட்டுப் போக வந்தோம்."

ஒரே குடும்பத்தை இரண்டு வீட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அப்படியானால் அவர்கள் எங்கே? தூரத்தில் ஒரு பேருந்து உறுமியது. நால்வரும் ஓடினோம். என் முழங்கால்கள் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டன.

கடைசி இருக்கையில் மூன்று பேர், திருதிருவென விழித்துக்கொண்டு.

"யாரு வீட்டுக்கு?" என்றார் ஓட்டுநர்.

"எங்க வீட்டுக்கு" என்றோம் நான்கு பேரும். பேக்கரிக்காரர் தன் வீட்டு மாடி அறையைப் புகழ, நான் என் வீட்டு மெத்தையைப் புகழ, பேச்சு முற்றியது. குழந்தையின் தாய் அதைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். சட்டென்று குழந்தையை என் வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, திரும்பவும் பேருந்துக்குள் ஏறிவிட்டாள்.

"விட்டுட்டே போறாளா?" என்றாள் பேக்கரி அம்மாள். குழந்தையோ என் மனைவியின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில், ஆளுக்கு இரண்டு பைகளோடு கணவனும் மனைவியும் இறங்கினார்கள்.

எந்த வீடு என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரி குழந்தையோடு எங்கள் காரை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தாள்.