பல் பிடுங்கப் போன இருவர்

பையன்கள் குழுவாக ஆடிப் பாடும் ஐடல் பாட்டு என்றாலே எங்கள் மேனேஜர் மேங் சாருக்கு ஆகாது. மதியம் சூப்புக் கடை டிவியில் நாலு பையன்கள் முடிக்குச் சாயம் பூசிக்கொண்டு ஆடினால் போதும், கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்.

"இதெல்லாம் ஒரு பாட்டாம்மா? ஒருத்தன் வாயத் தொறக்கறதுக்குள்ள இன்னொருத்தன் புடுங்கிக்கிறான். பந்தியில பரிமாறுற மாதிரி ஆளுக்கு ஒரு வரி!"

"ஆமா சார், காது வலிக்குது" என்று நானும் முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயைக் கடித்துக்கொண்டே ஒத்து ஊதுவேன்.

என் பெயர் சூயான். கிம்ச்சிப் பெட்டிகளுக்கு அட்டை வடிவமைக்கும், கொரியாவின் சியோல் நகரத்துக் கம்பெனி ஒன்றில் வேலை. வயது முப்பத்தாறு. ஹேமுரி என்ற ஐந்து பையன்கள் குழுவுக்கு நான் பைத்தியம் என்பது அங்கே ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. எங்கள் ஊரில் என்னைப் போன்றவர்கள் அலுவலகத்தில் இப்படித்தான், சாதாரண மனுஷி வேஷம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கச்சேரியில் ஆட்டும் விளக்குக் கோல் அலமாரியில் குளிர்காலப் போர்வைக்குப் பின்னால் தூங்கும். போன் திரையில் அவர்கள் படத்துக்குப் பதில் கடல் படம் இருக்கும்.

அந்த வியாழக்கிழமை ஹேமுரியின் கச்சேரி. குழுவில் மூத்தவன் மா காங்யூல் எங்கள் நாட்டு ஆண்கள் எல்லோரையும் போல அடுத்த மாதம் கட்டாய ராணுவத்துக்குப் போகிறான். இனி ஒன்றரை வருஷத்துக்கு ஐந்து பேரையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. டிக்கெட் கிடைத்ததே என் அதிர்ஷ்டம். பல் பிடுங்க வேண்டும் என்று அரை நாள் லீவு கேட்டிருந்தேன். அது மேங் சாரின் ஒப்புதலுக்காகக் காத்துக்கிடந்தது. அவர் மாட்டேன் என்றால் அவ்வளவுதான்.

திங்கள் மாலை கம்பெனி விருந்து. பன்றி இறைச்சி வாட்டித் தின்றுவிட்டு, வழக்கம் போலப் பக்கத்துக் கரோக்கி அறைக்குள் எல்லோரும் புகுந்தோம். புதிதாகச் சேர்ந்த சோல்பி மைக்கைப் பிடித்து, வேறு பாட்டே கிடைக்காதது போல ஹேமுரி பாட்டைப் போட்டாள்.

பாட்டு தொடங்குமுன் வெறும் இசை மட்டும் கொஞ்சம் ஓடும். அந்த இடம் பாடுகிறவர்களுடையது அல்ல, ரசிகர்களுடையது. ஐந்து பேரின் முழுப் பெயரையும் மூத்தவனில் தொடங்கி வரிசையாகத் தாளத்துக்குக் கத்த வேண்டும். என் வாய் என்னிடம் அனுமதி கேட்கவில்லை.

"மா காங்யூல்! பியோ ஹாஜின்! ஓ தேரிம்! சன்ஊ பியோல்! நோ இயான்! ஹேமுரி!"

சோல்பி பாட மறந்து நின்றாள். மேங் சார் குலுக்கிக்கொண்டிருந்த டாம்பரின் சலங்கை நின்றுபோனது. பல்லும் போச்சு, லீவும் போச்சு என்று நான் வெளியே ஓடிவிட்டேன்.

மேங் சார் பின்னாலேயே நடைக்கு வந்தார். திட்டுக்குத் தயாராகக் குனிந்து நின்றேன்.

"அந்தப் பேரெல்லாம் இன்னொரு தடவ சொல்லு" என்றார். "மெதுவா."

நிமிர்ந்து பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பொண்ணு யேஜின் வியாழக்கெழம இவங்க கச்சேரிக்கு ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கா. கூட வர்ற சிநேகிதிக்குக் காய்ச்சல். நான் வர்றேன்னேன். பேரக் கத்தத் தெரியணும்ப்பா, சும்மா மரம் மாதிரி உக்காந்தா எனக்கு அவமானம்ங்கறா."

"நீங்களா சார்? உங்களுக்குத்தான் இவங்களக் கண்டாலே..."

"பின்ன? எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆனப்போ ஆஸ்பத்திரிக்கு வந்து வைஃபை பாஸ்வேர்டு கேட்டவ, அவன் ராணுவத்துக்குப் போறான்னு மூணு நாளா சோறு திங்காம அழறா. எனக்கு எரியாதா?"

பாவம், அவருக்குப் பாட்டு மேல் கோபமே இல்லை. வீட்டுக்குள் ஐந்து பையன்கள் புகுந்து அவர் இடத்தில் உட்கார்ந்துவிட்டதாகப் பொறாமை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர் மேல் பாசமும் வந்தது.

மறுநாள் மதியம் ஆபீஸின் அவசர வழிப் படிக்கட்டில் பாடம் நடந்தது. பெயர்களைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். குரல்தான் வழிக்கு வரவில்லை.

"மா! காங்யூல்! பியோ! ஹாஜின்!"

"சார், இது பரேடு இல்ல. கொஞ்சம் ஆசையா கூப்பிடுங்க."

"பட்டாளத்துல கத்துன தொண்டைம்மா, இப்படித்தான் வரும். இதுல உனக்கு அப்படி என்ன சுகம்?"

யோசித்துவிட்டு உள்ளதைச் சொன்னேன். "மீட்டிங்ல எப்பப் பேசணும், என்ன பேசணும்னு எனக்கு ஒரு நாளும் தெரியாது சார். அங்க எனக்குன்னு ஒரு இடம் விட்டு வச்சிருக்காங்க. அத்தனை ஜனமும் என்னோட சேர்ந்து கத்துது. தப்பாவே போகாது."

சாயங்காலம் என் பல் லீவு ஒப்புதலாகி வந்தது.

வியாழக்கிழமை அரங்கில் அவரும் மகளும் எனக்குச் சில வரிசைகள் பின்னால் இருந்தார்கள். கையில் விளக்குக் கோலை டார்ச் லைட் மாதிரி பிடித்திருந்தார். முதல் பாட்டிலேயே பெயர்களைச் சரியாகக் கத்திவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசியில் காங்யூல் தனியாக வந்து மேடை ஓரத்தில் உட்கார்ந்தான். மெல்லிய பியானோ மட்டும் ஒலித்தது. "போயிட்டு வந்துடறேன்" என்றவன் அழ ஆரம்பித்துவிட்டான். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. இந்த இடத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் பாட்டு இல்லாமல் இசை மட்டும் ஓடினால் ரசிகரின் முறை என்று படிக்கட்டில் நான்தானே சொல்லிக் கொடுத்திருந்தேன்?

"மா! காங்யூல்!"

அத்தனை நிசப்தத்தில் ஒற்றைக் குரல், பரேடு மைதானத்துக் குரல். எனக்கு உயிரே போய்விட்டது. திரும்பினேன். யேஜின் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றிருந்த மேங் சாருக்கு உட்காரவும் தோன்றவில்லை.

மேடையில் காங்யூல் விருட்டென்று எழுந்து விறைப்பாக நின்றான். பட்டாளத்தில் மேலதிகாரி பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதவியையும் பெயரையும் கத்திச் சொல்ல வேண்டும் என்பது ராணுவத்துக்குப் போகாத பொடியனுக்கும் இங்கே தெரியும்.

"பயிற்சிச் சிப்பாய்! மா! காங்யூல்!" என்று கத்தி, பின்வரிசையைப் பார்த்து சல்யூட் அடித்தான்.

அரங்கம் வெடித்துச் சிரித்தது. அழுதுகொண்டிருந்தவனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். யேஜின் முகத்திலிருந்து கைகளை எடுத்தாள். நாற்காலி மேல் ஏறி, அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, சுற்றி இருந்தவர்களிடம் கத்தினாள்.

"எங்கப்பா! இவர்தான் எங்கப்பா!"

அதற்கு மேல் எனக்கு மேடை தெரியவில்லை, கண்ணெல்லாம் தண்ணீர்.

வெள்ளிக்கிழமை எனக்குக் குரல் கட்டிப்போயிருந்தது. மேங் சாருக்குக் காற்றுதான் வந்தது. மதியம் சூப்புக் கடை டிவியில் ஹேமுரி ஆடியது. அவர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"பாட்டு இப்பவும் சகிக்கல" என்று கிசுகிசுத்துவிட்டுச் சூப்பை உறிஞ்சினார்.

சோல்பி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சூயான் அக்காவும் நேத்து பல்லுக்கு லீவு. நீங்களும் நேத்து அரை நாள் லீவு. பல்லுக்குத்தான் போனீங்களா சார்? ரெண்டு பேருக்கும் ஒரே டாக்டரா?"

மேங் சார் டிவியில் காங்யூலைப் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றார் காற்றுக் குரலில். "ரொம்பக் கைராசிக்காரர்."