ஆயிரம் கவுனுக்கு இஸ்திரி

ஒன்பது மணி நேரம்... காலையிலிருந்து இஸ்திரி மேசையை விட்டு நகரவில்லை, தேநீர் ஊற்றத்தான் இப்போது உட்கார முடிந்தது, மருமகள் இருக்கும்போது வேறு யார் ஊற்றுவார்கள், கெண்டைக்கால் விண்விண்ணென்று தெறிக்கிறது, நுர்ஜாத் முழங்காலை மெல்ல நீட்டிக்கொண்டாள். எதிரே அல்மாட்டியிலிருந்து வந்த வியாபாரி ரவுஷான், ஆயிரம் கவுன் கேட்கிறாள். பிஷ்கேக்கில் இந்தத் தெரு முழுக்கத் தையல்கூடம்தான், இங்கே படியாவிட்டால் அடுத்த வாசலுக்குப் போய்விடுவாள், அத்தைக்கு அந்தப் பயம். அத்தை விரல் மடக்குகிறாள், துணி இருநூற்றுப் பத்து, தையல் கூலி நூற்றுப் பத்து, ஜிப்பும் நூலும் நாற்பது, வாடகையும் கரண்டும் இருபது... "அடக்கமே முந்நூத்தி எம்பது சோம் ஆவுது. நானூறு குடு." "முந்நூத்தித் தொண்ணூறு. உனக்குப் பத்து நிக்குதில்ல? ரொம்ப ஆசைப்படாதேக்கா." அந்தக் கரண்டில் இஸ்திரிப் பெட்டியும் சேர்த்திதான், அதைப் பிடிக்கிற கை மட்டும்... அத்தை மறைக்கிறாளா? இல்லை, மறைக்கத் தெரியாதவள். போன மாதம் காய்ச்சலில் கிடந்தபோது விடியவிடிய நெற்றியில் ஈரத்துணி மாற்றினாளே, அதற்கு என்ன கூலி? அவளும் இந்த வீட்டுக்கு வந்த நாளாய் இப்படித்தானே நின்றிருப்பாள், யாரும் எண்ணவில்லை, அதனால் அவளுக்கும் எண்ணத் தோன்றவில்லை... ஆனால் ஆயிரம். இந்தக் கால் தாங்குமா? நீராவிக் குழாய் இரவல் வாங்க எதிர்க் கூடத்துக்குப் போனபோது இஸ்திரிக்கு ஒரு கூலி காதில் விழுந்தது, அன்றிலிருந்து மனதுக்குள்ளேயே வைத்திருக்கிறாள், சொன்னால் தனக்கும் கேட்பதாகிவிடும், கூலி கேட்டு வாங்குகிறவள் இந்த வீட்டுக்கு யார், அப்புறமும் காய்ச்சலுக்கு ஈரத்துணி வருமா...

"ஐயோ, போதும் போதும்!" ரவுஷான் சிரித்தாள். நுர்ஜாத் குனிந்து பார்த்தாள். தேநீர்க் கிண்ணம் விளிம்புவரை நிரம்பியிருந்தது. விருந்தாளிக்குப் பாதிதான் ஊற்றவேண்டும், நிரப்பினால் எழுந்து போ என்று அர்த்தம், அவளா இதைச் செய்தாள்? "உன் மருமக எனக்கு வாசலக் காட்டறா பாருக்கா. விலை புடிக்கலையாம்." "அடியே, கண்ணு எங்கடி இருக்கு?" அத்தையின் காதுமடல் சிவந்துவிட்டது, மன்னிப்புக் கேட்கத்தான் நுர்ஜாத் வாயெடுத்தாள், விலை பிடிக்கவில்லையா... ஆமாம், பிடிக்கவில்லை, அத்தைக்கு நிற்கிற அந்தப் பத்து எங்கிருந்து வருகிறது என்று அத்தைக்கே தெரியாதே...

"அத்தை," என்றாள், வியாபாரியைப் பார்க்காமல். "எதிர்க் கூடத்துல இஸ்திரி போடற பொண்ணுக்கு ஒரு கவுனுக்குப் பன்னெண்டு சோம் குடுக்கறாங்க. நம்ம அடக்கத்துல அது இல்ல."