தகட்டில் இருந்த பெயர்

ஓடைப் பக்கமிருந்து என் நாய் ஹேசல் அலறியபோது நான் மரக் கேபினுக்குள் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். பூட்ஸ் கயிற்றைக்கூடக் கட்டாமல் பனியில் ஓடினேன். கரைப் புதருக்கடியில் ஒரு இரும்புப் பொறி அவளுடைய முன்னங்காலைக் கவ்விப் பிடித்திருந்தது. இரண்டு பக்கத்து ஸ்பிரிங்கையும் ஒன்றாக மிதித்தால்தான் அதன் வாய் திறக்கும். மொன்டானா மலைக்காட்டில் வளர்ந்தவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் மிதிக்க மிதிக்க அவள் துடித்தாள். கழுத்தைப் பிடித்து அழுத்தினேன், கையைக் கடித்தாள். ஒன்பது வருடத்தில் அவள் என்னைக் கடித்தது அதுதான் முதல் தடவை. கால் வெளியே வந்ததும் நொண்டிக்கொண்டே போய்க் கேபின் வாசலில் படுத்துவிட்டாள்.

கடிபட்ட கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பொறியை எடுத்தேன். இந்த இடம் அப்பா எனக்கும் தம்பிக்கும் விட்டுப்போனது. அடுத்தவர் ஓடையில் கேட்காமல் பொறி வைக்க ஒருவனுக்கு என்ன திமிர் இருக்க வேண்டும்? மிருகத் தோலுக்காகப் பொறி வைக்கிறவன் தன் பெயரை ஒரு தகட்டில் அடித்து அதிலேயே தொங்கவிட வேண்டும் என்பது இங்கே சட்டம். ஆள் யாரென்று தெரியட்டும், வீட்டுக்கே போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன் என்று தகட்டின் சேற்றைத் துடைத்தேன். லோர்னா ஹட்சன்ஸ் என்றிருந்தது. அது நான்தான்.

மதியம் தம்பி வேட் தன் பிக்கப் வண்டியில் வந்து இறங்கினான். வண்டியின் பின்னால் அதே மாதிரிப் பொறி இன்னும் இரண்டு கிடந்தது. நான் நாலு நாளாக இங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது. பொறியை அவன் காலடியில் வீசினேன்.

“இதுல எப்படிடா என் பேரு வந்துச்சு?”

“பொறி வைக்கற என் லைசென்ஸத்தான் புடுங்கிட்டாங்களே. அதான் உன் பேர்ல எடுத்தேன். போன வருஷம் ஒரு காகிதத்துல கையெழுத்து போட்டியே.”

“கூரை மாத்தறதுக்குன்னு சொல்லித்தானே வாங்கின?”

“நீ படிச்சுப் பாத்திருக்கணும்.”

“எத்தன வெச்சிருக்க?”

“பதினொண்ணு.”

“அத்தனையும் இன்னிக்கே எடுக்கற. இல்லன்னா நானே லைசென்ஸ் ஆபீஸ்ல போய்ச் சொல்லுவேன்.”

“சொல்லு. பேரு உன்னுது.”

ஓங்கி ஒன்று விட்டிருப்பேன். ஆனால் ஹேசலின் பாதம் வீங்கி இரண்டு மடங்காகியிருந்தது. நாய் டாக்டரிடம் போக இரண்டு மணி நேரமாகும். முந்தின ராத்திரி விழுந்த பனியில் என் கார் மேடு ஏறாது, அவன் வண்டி ஏறும். அந்த ஆத்திரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் விழுங்கிக்கொண்டு அவளைத் தூக்கக் குனிந்தேன்.

ஹேசல் பல்லைக் காட்டினாள். நான் இன்னும் கிட்டே போக, வீங்கிய காலை இழுத்துக்கொண்டே பின்னால் நகர்ந்து சுவரில் ஒண்டினாள். பொறி வைத்தவன் அவன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? உயிர் போகிற வலியில் அவள் கண்ணெதிரே நின்று மிதித்தவள் நான்தானே.

“நீ தள்ளு,” என்றான் வேட். “வாடி கண்ணு. யாரு உன்ன இப்படிப் பண்ணினது?”

அவள் முனகிக்கொண்டே அவன் கைக்குள் போனாள். அவன் தூக்கியதும் தோளில் தாடையை வைத்து அவன் காதை நக்கினாள். நான் முன்னால் போய் வண்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.