ஐந்து ஆமென்கள்

1

இந்தக் கதை எனக்கு லிஃப்ட்டுக்குள் கிடைத்தது. உட்கார்ந்து யோசித்து எழுதியதாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் இஸ்திரி போட்ட துணிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தேன். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. கதவைத் தட்டினேன், கத்தினேன், உள்ளே ஒட்டியிருந்த எண்ணுக்குப் போன் போட்டு எதிர்முனையில் இருப்பது யாரென்றுகூடக் கேட்காமல் திட்டித் தீர்த்தேன்.

இருபது நிமிடத்தில் மெக்கானிக் வந்தார். மூன்றாம் மாடியின் வெளிக்கதவைச் சாவி போட்டு ஒரு சாண் அகலத்துக்குத் திறந்தார். லிஃப்ட் பாதி கீழே நின்றதால் என் கண்ணுக்கு நேராக அவருடைய காலணிகள்தான் தெரிந்தன. மொட்டை மாடியில் உள்ள இயந்திர அறையில் ஒருவர், இங்கே ஒருவர் என்று இரண்டு பேர் இருந்தால்தான் லிஃப்ட்டைக் கையால் நகர்த்த முடியுமாம். கூட்டாளி வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டு அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்தார்.

நான் பதறாமல் இருக்கத்தான் முதலில் பேச்சுக் கொடுத்தார் என்று நினைக்கிறேன். என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். கதை எழுதுகிறேன் என்றேன்.

"அப்போ உங்ககிட்ட ஒண்ணு கேட்கலாம் சார்" என்றார். "பொய் சொல்றதுல உங்களுக்கு அனுபவம் இருக்குமே."

2

முதல் தொடக்கம்: *அந்த வீட்டில் தினமும் மாலை ஏழரை மணிக்கு எல்லோரும் முழங்காலிடுவார்கள்.*

(அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டியது. விட்டுவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: *பத்து வயதுப் பெண் ஒருத்தி, செத்துப்போன ஒரு மனிதரைத் தன் ஜெபத்தாலேயே ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக*

(இதையும் நிறுத்திவிட்டேன். இப்படி ஆரம்பித்தால் அவர் எழுந்து வரப்போகிறார் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். வர மாட்டார். இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் கோபித்துப் பயனில்லை.)

மூன்றாவதாக, நடந்ததை நடந்தபடி சொல்லிப் பார்க்கிறேன். எனக்குக் கைவராத விஷயம் அது.

3

மெக்கானிக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். இரண்டு பெண்கள். மூத்தவளுக்குப் பதினாறு வயது. குடும்ப ஜெபத்துக்கு வரும்போது ஒரு காதிலிருந்து மட்டும் இயர்போனைக் கழற்றுவாள். சின்னவளுக்குப் பத்து. அவள் ஜெபிக்க ஆரம்பித்தால் அடுப்பில் பால் பொங்கி அணைந்தாலும் முடிக்க மாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்குக் குட்டிப் பாஸ்டர் என்று பட்டம்.

சின்னவளை ஐந்து வயதிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனவர் ஒரு வேன் ஓட்டுநர். பிள்ளைகளுக்கு வேன் அங்கிள். அவருக்குப் பின்னால் இருக்கும் முதல் இருக்கை அவளுடையது, வேறு யாராவது உட்கார்ந்தால் அவரே எழுப்பிவிடுவாராம். பள்ளிக்கு விடுமுறை விட்ட அன்று அவருக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சின்னவள் அழுதுகொண்டே வந்தபோது மெக்கானிக் அவளை மடியில் உட்கார வைத்து, "நீ கேட்டா ஆண்டவர் தருவார்மா" என்றார். இதை எந்தத் தகப்பனும் சொல்லுவார். ஞாயிறு பள்ளியில் வகுப்பெடுக்கும் தகப்பன் என்றால் கேட்கவே வேண்டாம்.

சின்னவள் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். மூன்று நாள் கேட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை ஏழு இருபதுக்கு மெக்கானிக்குப் போன் வந்தது. வேன் ஓட்டுநர் போய்விட்டார். போனை வைத்துவிட்டு அறைக்குள் வந்தால் சின்னவள் பாயை விரித்து முழங்காலிட்டுக் கண்ணை மூடித் தயாராக இருக்கிறாள். ஜெபம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அவள் வேன் அங்கிளை எழுப்பி உட்கார வைக்கும்படி கேட்டாள். எல்லோரும் ஆமென் சொன்னார்கள், அவரும் சொன்னார். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது என்று என்னிடம் சொன்னார்.

புதன்கிழமை அவளுக்குப் பிறந்தநாள். கேக் வெட்டுகிற நாளில் எப்படிச் சொல்வது? அன்று காலை வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, வேலைச் சட்டையோடேயே அடக்கத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தார். சாயங்காலம் சின்னவள் அவரிடம் வந்து, வேன் அங்கிள் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். "ஆண்டவர் பார்த்துக்கறார்மா" என்றார் அவர். இதில் பொய் எங்கே இருக்கிறது என்று என்னிடமே கேட்டார். தேடினால் கிடைக்காத இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சின்னவளுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. பார்த்துக்கொள்கிறார் என்றால் தேறி வருகிறார் என்றுதானே அர்த்தம்? அன்று அவளுடைய ஜெபம் இப்படி இருந்ததாம்:

"ஆண்டவரே, நேத்து வேன் அங்கிளை உட்கார வச்சதுக்கு ஸ்தோத்திரம். இன்னிக்கு அவரை நிக்க வைங்க. செருப்பு கட்டிலுக்கு அடியில இருக்கும், அதையும் எடுத்துக் குடுத்துடுங்க."

வியாழக்கிழமை நடந்தார். வெள்ளிக்கிழமை நர்ஸ் உதவியில்லாமல் நடந்தார். சனிக்கிழமை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்து, வேன் சாவியைத் தேடிச் சட்டைப் பையில் கை விட்டார். ஒவ்வொரு நாளும் மெக்கானிக் ஆமென் சொன்னார். மொத்தம் ஐந்து.

4

[இங்கே ஒரு சந்தேகம். மூத்த பெண்ணை நான் நம்பலாமா?]

மெக்கானிக் சொன்னது இதுதான். மூத்தவளுக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும், தோழி யாரோ செய்தி அனுப்பியிருக்கிறாள். புதன்கிழமையிலிருந்து அவள் ஆமென் சொல்லவில்லை. அதற்கு முந்தின மாதம்தான், ஆமெனை மென்று விழுங்குகிறாள் என்று அவளை மெக்கானிக் உட்கார வைத்துத் திட்டியிருந்தார். இப்போது அவள் வாயைத் திறப்பதே இல்லை, அவரால் திட்டவும் முடியவில்லை. வெள்ளிக்கிழமை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவளிடம் போய் நின்றாராம். திரும்பிப் பார்க்காமலே, "என்னால சொல்ல முடியலப்பா" என்றாளாம், அவ்வளவுதான்.

நான் இட்டுக்கட்டியிருந்தால் இந்தப் பெண்ணை வைத்திருக்க மாட்டேன். நம்பிக்கையில்லாதவள்தான் நேர்மையானவள் என்று எழுதினால் சாமர்த்தியம் காட்டுகிறான் என்பீர்கள். ஆனால் அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன், அவருக்கே அது பிடிக்கவில்லை. சபையில் ஜெபிக்கச் சொன்னால் குறிப்பு எதுவும் இல்லாமல் அரை மணி நேரம் ஜெபிக்கிறவர் அவர். அந்த வீட்டில் ஆமென் என்ற சொல்லுக்கு மரியாதை கொடுத்தது, பாதி இயர்போனோடு உட்கார்ந்திருந்த பெண்தான் என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

மனைவி? அவருக்கும் தெரியும். நீயே பக்குவமாகச் சொல்லிவிடேன் என்று மெக்கானிக் கெஞ்சிப் பார்த்திருக்கிறார். கேட்டால் கிடைக்கும் என்று சொன்னது யாரோ அவரே சொல்லட்டும் என்று அந்த அம்மா கையைக் கழுவிவிட்டார்.

(போதகரிடம் யோசனை கேட்கவில்லையா என்று கேட்டேன். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடச் சொல்லுவார், அதனால்தான் கேட்கவில்லை என்றார்.)

இன்னொன்றும் சொன்னார். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பத்து நிமிடம், ஐந்து நிமிடம் என்று நேரம் சொல்லக் கூடாது என்று மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்களாம். இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதை மட்டும் சொல்ல வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும். அதைச் சின்னவளிடம் செய்திருக்கலாமே என்றேன். உள்ளே மாட்டிக்கொண்டவனுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

"லிஃப்ட்ல இருக்கறவங்க எப்படியும் வெளிய வந்துடுவாங்க சார்" என்றார்.

அவருக்குப் பயம் அவள் அழுவாள் என்பதல்ல. அழுதால் தூக்கிக்கொள்ளலாம். பத்து வருடமாகத் தான் சொன்னதை எல்லாம் அப்படியே நம்பிய பிள்ளை அன்றைக்கு ஒரு கேள்வி கேட்பாள், அதற்குப் பதில் இருக்காது, அதோடு அவள் தன்னையும் ஆண்டவரையும் ஒரே மூச்சில் விட்டுவிடுவாள் என்பதுதான் பயம். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. வேனில் வேறு ஓட்டுநர் இருப்பார். ஆக, அன்றைக்கே, ஞாயிறு சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

"நீங்க எழுதினா எப்படி சார் முடிப்பீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கூட்டாளி வந்துவிட்டார். லிஃப்ட் அங்குலம் அங்குலமாக மேலே ஏறியது. வெளியே வந்து முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தேன். நான் நினைத்ததைவிட இளமையாக இருந்தார். வேலைச் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

5

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மூன்று முடிவுகள் எழுதினேன்.

*முடிவு ஒன்று.* சின்னவளுக்கு எல்லாம் முன்பே தெரியும். அப்பா கஷ்டப்படக் கூடாதென்று அவள்தான் நடித்துக்கொண்டிருந்தாள். (இதை நீங்கள் மூன்றாம் பகுதியிலேயே ஊகித்திருப்பீர்கள். அதோடு, செருப்பைப் பற்றிக் கவலைப்பட்ட பிள்ளை நடிக்கிற பிள்ளை இல்லை.)

*முடிவு இரண்டு.* மெக்கானிக் சொல்கிறார். அவள் அழுகிறாள், பிறகு அவரைக் கட்டிக்கொண்டு, பரவாயில்லைப்பா, அங்கிள் இப்போ ஆண்டவர்கிட்ட இருக்கார் என்று (என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. பெரியவர்கள் தங்களுக்குச் சௌகரியமாக எழுதிக்கொள்வது இது.)

*முடிவு மூன்று.* அவர் சொல்லவே இல்லை. திங்கட்கிழமை காலை வேன் வாசலில் வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. உள்ளே

(இதைத் தொடர எனக்கு மனசு வரவில்லை.)

எதுவும் சரியில்லை. மறுநாள் காலை லிஃப்ட்டில் ஒட்டியிருந்த எண்ணுக்கு மறுபடியும் போன் செய்தேன். இந்தத் தடவை மரியாதையாகப் பேசினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெக்கானிக் தன் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

6

அவர் சொல்லிவிட்டிருந்தார். ஞாயிறு மாலை சின்னவள் பாயை எடுக்க வந்தபோது அவளைப் பிடித்து உட்கார வைத்து, "வேன் அங்கிள் செத்துப் போயிட்டாரும்மா. செவ்வாய்க்கிழமையே" என்றார். ஆண்டவரிடம் போய்விட்டார், தூங்கிவிட்டார் என்றெல்லாம் சுற்றி வளைக்கவில்லை. அதற்காக நான் அவரை மதிக்கிறேன்.

அவள் அழவில்லை. அக்காவைப் பார்த்து, உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். மூத்தவள் தலையாட்டினாள். அம்மாவைப் பார்த்தாள், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அப்பாவிடம் திரும்பினாள்.

"ஆண்டவருக்கும் தெரியும்தானே?"

"தெரியும்மா."

"நான் அங்கிளை நடக்க வைங்கன்னு கேட்டப்போ, அவரும் உங்களை மாதிரியே கேட்டுட்டு சும்மா இருந்தாராப்பா?"

மெக்கானிக் பயந்தபடி அவள் அவரையும் ஆண்டவரையும் விட்டுவிடவில்லை. இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டாள். தன்னால் ஆண்டவருக்குக் கெட்ட பேர் வந்துவிட்டது என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இல்லை, ஆண்டவரும் உண்மையில் அப்படித்தானோ, தான்தான் இத்தனை வருடம் கவனிக்கவில்லையோ என்று அடுத்த வாக்கியத்திலேயே கேட்டார். இரண்டில் எது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் ஜெபம் பண்ணிப் பழகாதவன், என்னிடம் கேட்டால்?

அன்றும் ஏழரைக்கு நான்கு பேரும் முழங்காலிட்டார்கள். சின்னவள் ஜெபிக்கவில்லை. "இன்னிக்கு நீங்க பண்ணுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் குறிப்பில்லாமல் ஜெபிக்கிறவருக்கு ஒரு வார்த்தை வரவில்லை. மனசில் வந்த ஒவ்வொரு வரியும் நூறு தடவை சொன்ன வரியாக இருந்ததாம். கடைசியில் மனைவி மெதுவாக எழுந்து சமையலறைக்குப் போனார், பிறகு மூத்தவள். சின்னவள் பாயைச் சுருட்டிக்கொண்டே, "நாளைக்குப் பண்ணுங்கப்பா" என்றாள். அதில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை என்றார்.

"இன்னிக்கும் அவ பார்த்துட்டே இருப்பா சார். முதல் வாக்கியம் மட்டும் எழுதிக் குடுங்க. அதுக்கு அப்புறம் நான் பார்த்துக்கறேன்."

நான் சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

7

மதியத்திலிருந்து எழுதுகிறேன்.

*ஆண்டவரே, எனக்குத் தெரிந்திருந்தும் நான் மறைத்தேன்.* (ஆண்டவருக்கு இது புதுச் செய்தி இல்லை. சின்னவளுக்குச் சொல்ல வேண்டியதை ஆண்டவர் முகவரிக்கு அனுப்புவதாக இருக்கிறது.)

*ஆண்டவரே, என் மகள் உம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறாள்.* (பழியைத் தள்ளிவிடுவது. அவள் உடனே கண்டுபிடிப்பாள்.)

*ஆண்டவரே, நீர் ஏன்* (இதை அவர் சொல்வாரா? சொல்லத்தான் விரும்புகிறாரா? அவர் குரலில் ஒரு வரி எழுதக்கூட எனக்கு என்ன உரிமை இருக்கிறது?)

மணி ஏழு ஐந்து. உங்களில் ஜெபித்துப் பழகியவர்கள் இருப்பீர்கள். பிள்ளை பெற்றவர்களும் இருப்பீர்கள். நான் இரண்டுமில்லை. அழகான வாக்கியம் வேண்டாம். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபடி, ஒரு தகப்பன் வாய்விட்டுச் சொல்லக்கூடியதாக இருந்தால் போதும். முதல் சொல்லில் மட்டும் அவரும் நானும் ஒத்துப்போகிறோம். அதை எழுதி, காற்புள்ளியும் வைத்துவிட்டேன். மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள், அவருக்கு அனுப்பிவிடுகிறேன்.

ஆண்டவரே,