எதிர்ப்பக்கம் திரும்பிய வளையம்

கெட்டிமேளம் முழங்கிய நொடியில் பிரவீனாவின் இடது கை லென்ஸ் வளையத்தைத் திருப்பியது. பன்னிரண்டு வருடப் பழக்கம், யோசிக்க ஒன்றுமில்லை. மாப்பிள்ளையின் விரல்களும் மஞ்சள் கயிறும் பாய்ந்து அருகில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எல்லாம் விலகி ஓடின. மணமேடை சுருங்கியது, வாழை மரங்கள் நுழைந்தன, இடது ஓரத்தில் மண்டபத் தூண்கூடத் தெரிந்தது. வலது விரலோ ஷட்டர் பொத்தானை அழுத்தியது அழுத்தியபடி இருந்தது. நாலைந்து நொடிகள். தப்பு புரிந்து வளையத்தை மறுபக்கம் திருப்புவதற்குள் ஐயரின் தோள் குறுக்கே வந்துவிட்டது. அரிசி மழை ஓய்ந்தபோது முடிச்சு விழுந்து முடிந்திருந்தது.

அவள் கையில் இருந்தது அவள் கேமரா இல்லை.

மலேசியாவின் பத்து பாகாட் ஊரில், ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் அவளும் ரூபேந்திரனும் சேர்ந்து ஸ்டூடியோ நடத்துகிறார்கள். அவள் கேனன், அவன் நிக்கோன். ஆறு வருடமாக ஓயாத சண்டை. கேனனில் நம் ஆட்களின் நிறம் இதமாக விழும் என்பாள் அவள். நிக்கோனைப் பிடித்தால் கையோடு ஒட்டிக்கொள்ளும், ஒரு மூலையை வெட்டிப் பெரிதாக்கினாலும் இமை மயிர்வரை எண்ணலாம் என்பான் அவன்.

"உன்னோடத தூக்கறதுக்கு எஸ்டேட்ல ரப்பர் பால் வாளி தூக்கினவங்கதான் வேணும்" என்று அவள் சொன்ன அன்றுதான் அவன் அந்த வார்த்தையை விட்டான்.

"நீ பன்னெண்டு வருஷமா ஒரே கல்யாணத்தத்தான் எடுத்துக்கிட்டிருக்க. பொண்ணு மாப்பிள்ளதான் மாறுறாங்க."

சுருக்கென்று தைத்தது. பொய்யாக இருந்திருந்தால் சிரித்திருப்பாள். "கொடு உன் கேமராவ. அடுத்த கல்யாணத்துல நான் இதுல எடுக்கறேன், நீ என்னோடதுல எடு. யாருக்குக் கண்ணு இருக்குன்னு பாப்போம்லா." பொத்தான்களைப் பழக அவள் ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். ஆனால் இரண்டு கம்பெனி லென்ஸிலும் வளையம் எதிரெதிராகத் திரும்பும் என்பதை மூளை படித்ததே தவிர, கை படிக்கவில்லை.

அந்த அடுத்த கல்யாணம் லோஷினியுடையது. தாலி ஏறி ஐம்பது நிமிடத்தில், சாப்பாட்டுப் பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த லோஷினியின் அப்பா சதாசிவம் வாளியோடு சரிந்தார். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது உயிர் இல்லை.

பத்து நாளாக அந்த மெமரி கார்டைத் தொடும் துணிவு பிரவீனாவுக்கு வரவில்லை. தாலி கட்டும் படத்தைத் தவறவிட்ட கல்யாணப் போட்டோகிராபர் வேறு எதை எடுத்து என்ன. அதுவும் இந்த வீட்டில். ரூபேந்திரனிடமும் அந்தப் படம் இல்லை. அவன் சொந்தக்காரர்கள் பக்கம் நின்றவன், அவனுக்கும் வளையம் தப்பாகத் திரும்பி, கிடைத்ததெல்லாம் ஒரு மாமாவின் காது.

வியாழக்கிழமை காலை லோஷினியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். "அக்கா, இன்னிக்கு நானும் அம்மாவும் வர்றோம். அப்பா இருக்கற படம் எல்லாம் வேணும். வெட்டாம, அப்படியே முழுசா குடுங்க கா."

வேறு வழியில்லை. கார்டைச் செருகித் திறந்தாள். தாலி நேரத்தில் நாற்பது படங்கள், எல்லாமே அகலமாக. நடுவில் மணமக்கள் கட்டைவிரல் அளவுக்கு. தாலிக் கயிறு இருந்தது. வெட்டிப் பெரிதாக்கினாள். கூர்மையாக, கயிற்றின் இழைவரை.

"பாத்தியா? என் கேமராதான் உன்னக் காப்பாத்துச்சு" என்றான் பின்னால் நின்ற ரூபேந்திரன்.

அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. லோஷினியின் அப்பாவும் எங்காவது பதிந்திருப்பாரா என்று படத்தை இடது ஓரத்துக்கு நகர்த்தினாள். தூண் வந்தது. தூணைப் பிடித்தபடி சதாசிவம். இன்னும் பெரிதாக்கினாள்.

பட்டுச் சட்டையை நெஞ்சோடு கசக்கிப் பிடித்திருந்தது அவருடைய வலது கை. நெற்றி முழுக்க வேர்வை. வாய் திறந்திருந்தது. அவர் முனகியிருந்தாலும் கேட்டிருக்காது, அபசகுனமாக ஒரு சத்தமும் காதில் விழக் கூடாது என்றுதானே கெட்டிமேளம்.

அடுத்த படம். அதற்கடுத்தது. பதினேழாவது படத்தில் மனைவி தனலெட்சுமி அவர் பக்கம் திரும்பினாள். இருபதில் அவர் முழங்கையைப் பிடித்தாள், கண்கள் விரிந்து. இருபத்தாறில் அவர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. முப்பத்தொன்றில் அவருடைய விரல் உதட்டின் மேல் இருந்தது. முப்பத்தெட்டில் இருவரும் மணமேடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கை மட்டும் அவர் முழங்கையை விடவில்லை.

"அலமாக், கடவுளே" என்றான் ரூபேந்திரன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "சாவு வீட்டுல நானும் நின்னேன். முன்னாடியே வலி இருந்துச்சான்னு டாக்டர் கேட்டாராம், ஒரு மணி நேரத்துக்கு முன்ன கொண்டாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னாராம். இந்தம்மா எல்லாருகிட்டயும் சொன்னாங்க. நல்லாத்தான் இருந்தாரு, திடீர்னு விழுந்தாருன்னு."

ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடமும் அந்த அம்மா குங்குமம் கொடுத்தாள், குடும்பப் படத்துக்குச் சிரித்தாள். அந்தப் படங்களையும் பிரவீனாதான் எடுத்தாள். "மாமி, கொஞ்சம் நல்லா சிரிங்க" என்று இவளே சொல்லியும் இருந்தாள்.

"தாலிய மட்டும் வெட்டிக் குடு. ஓரத்த அழிச்சிரு" என்றான் ரூபேந்திரன்.

"அவ முழுசா கேக்கறா."

"முழுசா குடுத்தா அவ அம்மாவ இனிமே எப்படிப் பாப்பா?"

மாடிப்படியில் செருப்புச் சத்தம். பிரவீனா அவசரமாக மணமக்களைச் சுற்றி வெட்டுக் கோட்டை இழுத்தாள். கோட்டுக்குள் தாலியும் விரல்களும் பளிச்சென்று நின்றன. வெளியே இருந்ததெல்லாம் மங்கியது. ஆனால் மறையவில்லை.

முதலில் லோஷினி வந்தாள், புதுத் தாலியின் மஞ்சள் கழுத்தில் இன்னும் ஒட்டியிருந்தது. பின்னால் தனலெட்சுமி, வெறும் நெற்றியோடு. லோஷினி திரையைப் பார்த்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தாலி நேரம், இல்லக்கா? அப்ப அப்பா எங்க நின்னாரு?"

தனலெட்சுமி மகளைப் பார்க்கவில்லை. அவள் பார்வை திரையின் இடது ஓரத்துக்குப் போய், மங்கலாகக் கிடந்த தூணில் நின்றுவிட்டது. பிறகு மெல்லப் பிரவீனாவின் முகத்துக்கு வந்தது.

"அங்க, தூண்கிட்ட யாரோ இருக்காங்க" என்று லோஷினி குனிந்தாள். திரையை நோக்கி அவள் விரல் நீண்டது.

பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் முழங்கையைப் பிடித்தது. இருபதாவது படத்தில் இருந்த அதே பிடி.