பதினேழாவது புள்ளி

"இனி உங்கள் படங்கள் பேசும்!" என்ற எழுத்துக்கு மேலே, திரை முழுக்க வண்ணக் காகிதத் துண்டுகள் பறந்தன. கணக்கெடுப்புத் தகவல்களைப் படமாக்கித் தரும் அந்த இணையதளத்தில் அன்று காலை புது வசதிகள் வந்திருந்தன. யார் கேட்டார்கள்? அவள் கேட்கவில்லை.

"இங்க பாரேன்டி, அழகா இருக்கு," என்றாள் பக்கத்து மேசை அக்கா. அக்காவின் கையிலிருந்த மவுஸ் ஒரு சிவப்புப் புள்ளியின் மேல் போய் நின்றது. குபுக்கென்று ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. அதற்குள் ஒரு பெயர், வேலைக்குச் சேர்ந்த வருடம், போன் நம்பர்.

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா, கையை எடு."

"ஏன்டி?"

"எடுன்னு சொல்றேன்ல!"

தையல் ஆலை ஒன்றின் பாதுகாப்பைப் பற்றி அவள் ஆபீஸ் எடுத்த கணக்கெடுப்பில், மூன்றாம் மாடிக்கான படம் அது. நாற்பத்தோரு பெண்களிடம் போய் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: வேலை நேரத்தில் பின்கதவைப் பூட்டி வைக்கிறார்களா? ஆமாம் என்றவர்களுக்குச் சிவப்பு, இல்லை என்றவர்களுக்குச் சாம்பல். இருபத்து மூன்று சிவப்பு. தீப்பிடித்தால் ஓடுவதற்கு இருப்பது அந்தக் கதவுதான். "பேரு வராதுல்ல பாப்பா?" என்று கேட்காமல் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. "சத்தியமா வராது" என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லியிருந்தாள். பதினேழாவது ஆள் அவளுடைய அம்மா. அந்த மாடியிலேயே மூத்த ஆள், பத்தொன்பது வருடமாகக் காலர் தைத்து அவளைப் பட்டம் வாங்க வைத்தவள்.

பெயர்களை அழிக்காமல் விட்டது அவள்தான். எந்த ஆபீஸ் ஜன்னலில் எந்தக் காகிதத்தைக் கேட்பானோ என்று பரீட்சை ஹால் டிக்கெட்டைக்கூடத் தூக்கிப் போடாத வீடு அது. அந்தப் புத்தி அட்டவணையிலும் வேலை செய்தது. பெயரும் நம்பரும் இருந்த இரண்டு பத்திகளையும் அழிக்க மனசு வராமல், 'மறை' என்ற பொத்தானை மட்டும் அழுத்தி வைத்திருந்தாள். படத்தின் லிங்க் போன வாரமே ஆலை நிர்வாகத்துக்குப் போய்விட்டது.

'மறைத்த பத்திகளும் பெட்டியில் வரும்; பழைய படங்களுக்கும் தானாகவே பொருந்தும்' என்று அறிவிப்புக்கு அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். அவசரத்தில் பாஸ்வேர்டை இரண்டு தடவை தப்பாக அடித்தாள். மூன்றாவது தடவை திறந்தது. இரண்டு பத்திகளையும் அழித்துப் படத்தை மறுபடி வெளியிட்டாள். இப்போது எழும்பிய பெட்டி காலியாக இருந்தது.

அப்போதுதான் அவர்கள் ஆபீஸ் மேலாளர் உள்ளே வந்தார். கோடு போட்ட சட்டையைத் தவிர வேறெதுவும் போடாதவர் என்பதால் அவருக்குப் பெயரே கோடுசட்டை. விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஆலைக்காரங்க ஒரு மெயிலைத் திறக்கவே ஒரு மாசம் ஆகும்மா. வெளிய மூச்சு விடாத. நம்ம பேரு கெட்டுடும்."

"நம்ம பேரா சார்? அங்க தொங்குனது அந்தப் பொண்ணுங்க பேரு."

கோடுசட்டை தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "இன்னொரு வசதியும் வந்திருக்குடி. எந்தப் புள்ளியை யாரு பாத்தாங்கன்னு காட்டுமாம்."

திறந்தாள். காலை எட்டே கால், ஆலை நிர்வாகம். சாம்பல் புள்ளி ஒன்றைக்கூட அவர்கள் தொடவில்லை. சிவப்பு இருபத்து மூன்றையும் தலா ஒரு தடவை பார்த்திருந்தார்கள். பதினேழாவதை மட்டும் ஆறு தடவை.

போன் அடித்தது. அம்மா. வேலை நேரத்தில் அம்மா கூப்பிட்டதே கிடையாது.

"எங்க மேனேஜர் கீழ வரச் சொல்றாருடி," என்றாள் அம்மா, எந்திர இரைச்சலுக்கு மேலே கத்தி. "சூப்பர்வைசர் ஆக்கப் போறாரோ என்னவோ! நான் இன்னைக்குன்னு பாத்துத் தலைகூட ஒழுங்கா வாரல."

"தனியா போகாதம்மா."

"ஏன், பேய் பிடிச்சுக்குமா?"

"பின்கதவு விஷயம்மா. உன் பேரு தெரிஞ்சுபோச்சு. இருபத்து மூணு பேரு பேரும் தெரிஞ்சுபோச்சு. என் தப்புதான்."

"படிச்சவதானேடி நீ?"

அவள் விசும்பினாள். அம்மாவின் குரல் மாறிப்போயிருந்தது. "அழுதது போதும். யார் யாருன்னு சொல்லு. சேந்தே போறோம்."

அட்டவணையில் இப்போது பெயர்கள் இல்லை. அழித்ததைத் திரும்பக் கொண்டுவரும் வசதியை மட்டும் அந்தப் புண்ணியவான்கள் இன்னும் சேர்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, எந்தப் பெயரெல்லாம் வராது என்று சத்தியம் செய்தாளோ அதையெல்லாம் அவளே ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தப் பக்கம் அம்மா ஒவ்வொருத்தியாகக் கூப்பிட, இரைச்சலில் ஒவ்வொரு எந்திரமாகக் குறைந்தது. அம்மாவைத் தவிர பத்தொன்பது பெயர் வந்தது. காலையில் பெட்டியில் பார்த்த பெயரை அக்கா எடுத்துக் கொடுத்தாள். இருபது.

"இன்னும் ரெண்டு பேரு யாருடி?"

நெற்றியைத் தட்டிப் பார்த்தாள். முகம் வந்தது, பெயர் வரவில்லை.

"தெரியலம்மா."

"தெரியலன்னா? அந்த ரெண்டு பேரையும் விட்டுட்டா போறது?" அம்மா போனை வாயிலிருந்து எடுத்திருக்க வேண்டும், குரல் தூரத்தில் கேட்டது. "எல்லாரும் எந்திரிங்கடி! சிவப்பாவது சாம்பலாவது, எல்லாரும் வாங்க!"

மிச்ச எந்திரங்களும் நின்றன. அத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்த மாடி அமைதியாக இருந்தது. படியில் செருப்புச் சத்தம். பிறகு எங்கேயோ ஒரு கதவு திறக்கும் சத்தமும், ஓர் ஆண்குரலும்.

"உன்ன மட்டும்தானே வரச் சொன்னேன்?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் அவள் வாசலைப் பார்த்து ஓடினாள்.